ஸ்வாகோப்முண்ட்: பாலைவனத்தில் ஸ்வெட்டர் தேடிய கதை

போய்வந்த மூன்று பேர் ஆளுக்கொரு பகுதியாகச் சொல்கிறோம், முதலில் நான். நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர், வழியெல்லாம் கொளுத்தும் வெயில். கடலோர ஊரான ஸ்வாகோப்முண்டை நெருங்கும்போது எதிரே சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் நின்றது. மூடுபனி! ஊருக்குள் இறங்கியதும் பற்கள் தந்தியடித்தன. பாலைவனத்துக்குத்தானே போகிறோம் என்று பருத்திச் சட்டையாக அடுக்கிக்கொண்டு போன புத்திசாலி நான்; முதல் வேலையாகக் கடைக்குப் போய் ஸ்வெட்டர் வாங்கினேன். பெங்குவேலா என்ற குளிர் நீரோட்டம் அந்தக் கரையை ஒட்டிப் போகிறது. கடல் தண்ணீர் 15 டிகிரி பக்கம்தான் இருக்கும். கால் நனைத்ததோடு சரி.

ஆனால் அந்தப் பனியைத் திட்டிய வாயாலேயே மறுநாள் புகழவேண்டி வந்தது. காலையில் மணல் குன்றுகளுக்குக் கூட்டிப் போனார்கள். மழை என்பதே அபூர்வமான அந்த மணலில் பல்லி, வண்டு, பாம்பு எல்லாம் பனியைக் குடித்தே பிழைக்கின்றன. ஒரு வகை வண்டு குன்றின் உச்சியில் தலைகீழாக நிற்குமாம்; முதுகில் படியும் பனி வழிந்து வாய்க்கு வந்துவிடும். வழிகாட்டி திடீரென்று குனிந்து வெறும் கையால் மணலைத் தோண்டி ஒரு பல்லியை எடுத்தார். உள்ளுறுப்புகள் தெரியுமளவுக்குக் கண்ணாடித் தோல், வாத்துக்கு இருப்பதுபோல் விரலிடைச் சவ்வு. இமை கிடையாது, நாக்கால் கண்ணை நக்கிக்கொள்கிறது. அங்கே மணல் இருக்கிறது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

* * *

நீங்கள் பனியைப் புகழுங்கள், நான் திட்டித்தான் ஆகவேண்டும். வடக்கே 120 கிலோமீட்டர் போல இருக்கும் கேப் கிராஸுக்கு நாங்களே காரோட்டிப் போனோம். உப்பு கலந்து இறுக்கிய சாலை, பார்க்கத் தார் ரோடு மாதிரியே இருக்கும். பனி ஈரம் பட்டால் சோப்பு தேய்த்ததுபோல் வழுக்கும். ஒரு வளைவில் வண்டி தன் இஷ்டத்துக்குத் திரும்பி மணலில் போய் உட்கார்ந்தது. யாருக்கும் அடியில்லை. எதிரே வந்த லாரிக்காரர் ஒன்றும் பேசாமல் கயிறு கட்டி இழுத்துவிட்டுப் போனார்.

கேப் கிராஸில் கடல்நாய்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. நாற்றம் கருவாட்டுக் கிடங்கைத் தோற்கடிக்கும். குட்டிகள் ஆட்டுக்குட்டி போலவே கத்துகின்றன. 1486-இல் போர்த்துகீசிய மாலுமி டியோகோ காவோ நட்ட கல் சிலுவை இருந்த இடமும் அதுதான்; அசலை ஜெர்மானியர்கள் கொண்டுபோய்விட்டார்கள், இப்போது நிற்பது நகல்.

* * *

ஊரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பக்கத்து வால்விஸ் பே துறைமுகம் பிரிட்டிஷார் கையில் இருந்ததால், ஜெர்மானியர்கள் 1892-இல் தங்களுக்கென்று உண்டாக்கிய ஊர் இது. மரச்சட்டம் தெரியும் வீடுகள், கலங்கரை விளக்கம், இப்போது ஹோட்டலாகிவிட்ட பழைய ரயில் நிலையம், பேக்கரியில் ஆப்பிள் கேக். ஃபிளமிங்கோக்களைப் பார்க்க வால்விஸ் பே காயலுக்கும் போனோம். அழகுதான், மறுக்கவில்லை.

கடைசி நாள் ஊரின் ஓரத்துக் கல்லறைக்குப் போனோம். ஒரு பக்கம் ஜெர்மானியப் பெயர்கள் பொறித்த கற்கள், புல், மரங்கள். தாண்டினால் வெறும் மணல் மேடுகள், வரிசை வரிசையாக, பெயரே இல்லாமல். 1904 முதல் 1908 வரை ஜெர்மானிய ஆட்சி நடத்திய இனப்படுகொலையில், இங்கிருந்த முகாமில் செத்துப்போன ஹெரேரோ, நாமா என்ற இந்த மண்ணின் மக்கள். அது இனப்படுகொலைதான் என்று ஜெர்மனி ஒப்புக்கொண்டது 2021-இல். பனி விலகாத காலை. எது மேடு, எது காற்று குவித்த மணல் என்று பிரித்துப் பார்க்க முடியாமல், கால் வைக்கவே தயக்கமாக இருந்தது. எங்கள் சுற்றுலாத் திட்டத்தில் அந்த இடம் இல்லை, நாங்களாகக் கேட்டு விசாரித்துத்தான் நடந்தோம்.