6.4 என்று அட்டை தூக்கினேன்: இளைஞர்களின் கலை மேடைகளில் உங்களை உறுத்தியது எது?

ஐந்தாம்_நடுவர்
ஸ்லாம் கவிதை என்பது சொந்தக் கவிதையை மேடையில் நிகழ்த்தும் போட்டி. ஒருவருக்கு 3 நிமிடம், பார்வையாளர்களிலிருந்தே 5 நடுவர்கள், பத்துக்கு எத்தனை என்று அட்டையில் எழுதித் தூக்கிக் காட்டுவார்கள். அன்று என் கையிலும் அட்டையைத் திணித்துவிட்டார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் ஏறினான். அவன் அப்பாவின் முதலாளிக்குப் பத்து வயதில் ஒரு மகன். அந்தச் சிறுவன் இவன் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். அப்பா ‘இதோ வந்துட்டேங்க’ என்கிறார். கவிதை அவ்வளவுதான்.

நடுவில் கொஞ்சம் இழுத்த மாதிரி பட்டது. 6.4 எழுதித் தூக்கினேன். அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இடமிருந்து வலமாக ஒவ்வோர் அட்டையாகப் படித்தான். என் அட்டையில் கண் நின்றது. உதடு மட்டும் அசைந்தது: ஆறு புள்ளி நான்கு. அதிகமானதையும் குறைந்ததையும் கழித்துவிடுவார்கள் என்பதால் என் மதிப்பெண் கணக்கிலேயே வரவில்லை. ஆனால் அவன் பார்த்துவிட்டானே.

சாரத்தில்_நின்றவள்
இதில் உறுத்த என்ன இருக்கிறது? மதிப்பெண் உண்டு என்று தெரிந்துதானே ஏறினான். 1980களில் சிகாகோவில் மார்க் ஸ்மித் இதைத் தொடங்கியபோதே மதிப்பெண் என்பது கூட்டத்தை உட்கார வைக்கும் விளையாட்டுதான். பாவம் பார்த்து 9 போட்டிருந்தால் அதுதான் அவமானம்.

என் கதை சுவர். பெண்கள் மீதான வன்முறை பற்றி ஒரு பெரிய முகம் வரைந்தோம். மூன்றாம் நாள் சாரத்தில் நின்று கண்ணீருக்கு நீலம் பூசிக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டு அம்மா கீழேயிருந்து, “நீங்க வரைஞ்சிட்டுப் போயிடுவீங்க. தினம் கதவைத் திறந்தா அழுகிற மூஞ்சியப் பார்க்கப் போறது நான்” என்றார்.

லாஸ் ஏஞ்சலஸில் ஜூடி பாக்கா என்ற ஓவியர் 1976-இல் தொடங்கிய சுவரோவியத்தைப் பற்றி எங்கள் கூட்டத்தில் நானே அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். அரை மைல் நீளம், 400க்கும் மேற்பட்ட இளைஞர்கள், மக்களிடம் கதை கேட்டுக் கேட்டு வரைந்தது. நாங்கள் ஒரு கதவைக்கூடத் தட்டவில்லை. கண்ணீரை அழித்தோம். “சிரிக்க வேணாம். சும்மா பார்க்கட்டும்” என்றார் அந்த அம்மா.

நிறுத்து_நிறுத்து
மேலே உள்ளவர் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். விதி தெரிந்து வந்தான் என்பதாலேயே விதி சரியாகிவிடுமா?

பார்வையாளர்களும் மேடையேறி நடிக்கும் நாடக முறைக்கு மன்ற அரங்கு என்று பெயர். அதில் நான்தான் அன்று ஜோக்கர், அதாவது விதி சொல்லி நடத்துகிறவள். நாடகத்தை ஒருமுறை முழுக்கக் காட்டிவிட்டு மறுபடி நடத்துவோம். யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று கத்தி, ஒடுக்கப்படுகிறவரின் இடத்தில் நடிக்கலாம். ஒடுக்குகிறவரை மாற்றக்கூடாது. அவர் திடீரென்று நல்லவராகிவிட்டால் அது தீர்வல்ல, மந்திரமாகிவிடும் என்பது இந்த முறையை உருவாக்கிய பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவாலின் கணக்கு. அண்ணன் தங்கையின் படிப்பை நிறுத்தும் காட்சி. ஒரு பெண் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். வந்தவள் அண்ணன் இடத்தில் போய் நின்றாள். நான் விதியைச் சொன்னேன். “அவனை நல்லவனாக்க வரலைக்கா. எங்க அண்ணன் இப்படிக் கத்த மாட்டான். சிரிச்சுக்கிட்டேதான் சொல்வான். அதைக் காட்டலாம்னு வந்தேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். கூப்பிட்டேன், வரவில்லை.

பழைய_தூரிகை
நானும் நிறைய பட்டறை நடத்தியிருக்கிறேன், அது இருக்கட்டும். பிள்ளைகளை மேடையேற்றுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இதை வெளியே சொல்லலாமா? வீடியோ எடுக்கலாமா? சொந்தப் பெயரிலா, புனைபெயரிலா? ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள், பதில் மாறும். அடுத்தவர் கதை என்றால் அவரிடமும் கேட்க வேண்டும். அந்தப் பையன் அப்பாவிடம் கேட்டானா? அப்புறம் சுவர். உரிமையாளர் அனுமதி எழுத்தில் வேண்டும். கழுவி, காயவைத்து, விரிசலுக்குப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்த பிறகே வண்ணம். வெளிச்சுவருக்கான அக்ரிலிக்தானே போட்டீர்கள்? மிச்சப் பெயிண்டை எந்த இடத்துக்குப் பூசியது என்று டப்பாவில் எழுதி வையுங்கள். பின்னால் ஒட்டுப்போட உதவும்.

சாரத்தில்_நின்றவள்
பிரைமர் அடித்தோம் ஐயா.

ஐந்தாம்_நடுவர்
அப்பாவிடம் கேட்டானா என்று தெரியாது. கடைசி வரிசைக்குப் பின்னால் ஒருவர் கைதட்டாமல் நின்றுகொண்டிருந்தார். பையன் இறங்கி நேராக அவரிடம்தான் போனான். நான் அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.