காகுயா இரண்டாம் சீசன்: மாமா கேட்ட கேள்வி

குழு: பாட்டி வீட்டுப் பேரன் பேத்திகள் (மாமா உட்பட)

சனிக்கிழமை, இரவு 9:10

சரவணன் மாமா: நித்யா, நீ பார்க்கச் சொன்ன அந்த ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் (அனிமே), காகுயா சாமா, முதல் சீசன் 12 எபிசோடும் முடித்துவிட்டேன். இரண்டாவதில் மூன்று ஆயிற்று. ஒரே ஒரு கேள்வி. போர் எங்கே?

நித்யா: எந்தப் போர் மாமா?

சரவணன் மாமா: பெயரிலேயே காதல் ஒரு போர் என்றுதானே போட்டிருக்கிறார்கள். ஷிரோகானே மாணவர் மன்றத் தலைவன். காகுயா துணைத் தலைவி. இரண்டு பேருக்கும் ஆசை இருக்கிறது, ஆனால் முதலில் வாய் திறந்து சொல்பவர் தோற்றவர். அதனால் எதிராளியைச் சொல்ல வைக்க நாள்தோறும் சூழ்ச்சி. கதை முடிந்ததும் அந்தக் கம்பீரக் குரல் வந்து இன்றைய போரில் தோற்றவர் யார் என்று தீர்ப்பு வாசிக்கும். எனக்குப் பிடித்ததே அந்தத் தீர்ப்புதான்.

சரவணன் மாமா: இரண்டாவதில் என்ன நடக்கிறது? பிறந்தநாளுக்குக் கேக் செய்கிறாள். மொட்டை மாடியில் நிலா பார்க்கிறார்கள்.

அம்மு: மாமா!! நிலா பார்க்கிற கதையையா குறை சொல்கிறீர்கள்?

கார்த்திக்: மாமா குழுவை விட்டு வெளியேற்றப்படுவார்

தேவி அத்தை: நான் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நிலாக் கதைக்கு நன்றாகச் சிரித்தார். இங்கே வந்து வழக்கறிஞர் வேலை காட்டுகிறார்.

சரவணன் மாமா: சிரித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. அது வேறு வகைச் சிரிப்பு. முதல் சீசனில் ஒரு சினிமா டிக்கெட்டை வைத்துக்கொண்டு சதுரங்கம் ஆடினார்களே, அந்தக் கூர்மை குறைந்துவிட்டது என்கிறேன்.

நித்யா: சரி, அந்த நிலாக் கதையையே எடுத்துக்கொள்வோம். ஷிரோகானேவுக்கு நட்சத்திரம் என்றால் பைத்தியம். அன்றைக்கு வானத்தைப் பார்த்த சந்தோஷத்தில் போர், சூழ்ச்சி எல்லாமே அவனுக்கு மறந்துவிடுகிறது. வாயில் வந்ததைப் பேசுகிறான். காகுயா ஆயிரம் திட்டத்தோடு வந்தவள், ஒரு வரிக்குக்கூடத் தாக்குப்பிடிக்க முடியாமல் சுருண்டு விழுகிறாள்.

நித்யா: அதிலும் அந்தப் பழைய கதையைச் சொல்கிறானே. மூங்கிலில் பிறந்து கடைசியில் நிலாவுக்கே திரும்பிப் போகும் காகுயா இளவரசி கதை. அவள் விட்டுச் சென்ற சாகா மருந்தை, அவள் இல்லாத உலகத்தில் இது எதற்கு என்று பேரரசர் மலை உச்சியில் எரிக்கச் சொல்லிவிடுவார். நானாக இருந்தால் எரித்திருக்க மாட்டேன், எத்தனை வருடம் ஆனாலும் நிலாவுக்கே போய் அவளைத் திருப்பிக் கொண்டுவருவேன் என்று இவன் சொல்கிறான். யாரிடம்? காகுயா என்ற பெயருள்ள பெண்ணிடமே! அவனுக்கு அந்த நினைப்பே இல்லை.

அம்மு: தூங்கி எழுந்து யோசித்துப் பார்த்து வெட்கத்தில் அவன் கத்துவானே 😂

நித்யா: இதே காட்சி முதல் சீசனில் வந்திருந்தால் அவன் திட்டம் போட்டுத்தான் அந்த வரியைச் சொல்லியிருப்பான். இங்கே சண்டை போடாமல் ஜெயிக்கிறான், ஜெயித்ததும் அவனுக்குத் தெரியாது. இந்தச் சிரிப்பு கிடைக்க வேண்டும் என்றால் அந்த 12 எபிசோட் சூழ்ச்சியையும் நாம் முதலில் பார்த்திருக்க வேண்டும் மாமா.

சரவணன் மாமா: ம். தொடருங்கள், எதிர்த்தரப்பு.

சுமதி சித்தி: அண்ணா, நாளைக்கு மதியம் எத்தனை பேர் சாப்பிட வருகிறீர்கள்? அரிசி போட வேண்டும்.

தேவி அத்தை: நாங்கள் நான்கு பேர் சுமதி.

கார்த்திக்: நான் இதன் மூலக்கதையான மாங்காவும் (ஜப்பானியப் படக்கதை) படித்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். முதல் சீசன் 2019 ஜனவரி முதல் மார்ச் வரை வந்தது. இரண்டாவது 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை. கொரோனாவால் அந்தச் சமயத்தில் நிறைய அனிமே பாதியில் நின்றன, இது வாரம் தவறாமல் ஓடி முடிந்தது. இரண்டையும் செய்தது அதே ஏ-1 பிக்சர்ஸ். இயக்குநரும் அதே ஷினிச்சி ஒமாதா. குரல் கொடுத்தவர்களும் அவர்களேதான். ஆகவே புதிதாகத் திறமைசாலிகள் யாரோ வந்து தூக்கி நிறுத்திவிட்டார்கள் என்று சொல்ல முடியாது.

கார்த்திக்: மாறியது கதைதான். அகா அகாசகா எழுதிய மாங்காவில் தொடக்க அத்தியாயங்கள் எல்லாம் துணுக்கு மாதிரி. ஒரு சூழ்ச்சி, ஒரு திருப்பம், முடிந்தது. அடுத்த அத்தியாயம் பூஜ்ஜியத்திலிருந்து. அனிமேயும் ஒரு எபிசோடுக்கு இரண்டு மூன்று துணுக்கு என்று அதை அப்படியே அடுக்கியது.

நித்யா: அதேதான். முதல் சீசனில் பாதி தாண்டியபோது அடுத்தது எப்படிப் போகும் என்று எனக்கே தெரிந்துவிட்டது. இவன் ஒன்று நினைப்பான், அவள் தப்பாகப் புரிந்துகொள்வாள், மன்றச் செயலாளர் ஃபுஜிவாரா நடுவில் நுழைந்து மொத்தத்தையும் கெடுப்பாள், தீர்ப்பு. சாப்பாட்டு டப்பாக் கதை அதில் உச்சம், ஒத்துக்கொள்கிறேன். அவன் டப்பாவில் ஆக்டோபஸ் வடிவில் வெட்டிய சாசேஜ் மேல் அவளுக்கு ஆசை. தன் ஏழைச் சாப்பாட்டை அவள் ஏளனமாகப் பார்க்கிறாள் என்று இவனுக்கு நினைப்பு. ஆனால் எல்லாம் அந்தத் தரத்தில் இல்லை.

சரவணன் மாமா: ஃபுஜிவாரா நடனத்தை மறந்துவிட்டாயா? மூன்றாவது எபிசோட் கடைசியில் வந்ததே. என் மகள் அதை எத்தனை தடவை போட்டாள் என்று உன் அத்தையைக் கேள்.

கார்த்திக்: அது நாவோயா நகயாமா என்ற ஒரே ஓவியர் தலைமேல் போட்டுக்கொண்டு செய்தது மாமா. அதைக் குறை சொல்ல ஆள் கிடையாது. இரண்டாவது சீசனில் ஃபுஜிவாராவுக்கு அந்த அளவுக்குத் தனி விருந்து எதுவும் இல்லைதான்.

சரவணன் மாமா: முதல் சீசனிலும் வாணவேடிக்கைக் கதை இருக்கிறது. வீட்டில் அடைத்து வைக்கப்பட்டவளை அவன் தேடிக் கண்டுபிடித்து, டாக்சியில் அடித்துப் பிடித்துக் கூட்டிப்போகிறான். கடைசியில் அவள் வானத்தைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்க்கிறாள். அங்கே போரும் இருந்தது, மனசும் இருந்தது.

நித்யா: அதனால்தான் சொல்கிறேன் மாமா. முதல் சீசன் தன் கடைசியில் கண்டுபிடித்த அந்த வழியில்தான் இரண்டாம் சீசன் முழுக்க நடக்கிறது.

தேவி அத்தை: எனக்கு ஒன்று தெரிய வேண்டும். நேற்று அம்மு வந்திருந்தபோது டிவியில் ஒரு ஆஸ்பத்திரி எபிசோட் போட்டாளே, அது எந்த சீசன்? முன்கதை ஒன்றும் தெரியாமலே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரித்துச் சிரித்து.

அம்மு: இரண்டாவது அத்தை! ஷிரோகானே கை அவள் முகத்தில் பட்டுவிடும், நெஞ்சு படபடத்து மயங்கி விழுவாள், நேராக ஆம்புலன்ஸ்.

தேவி அத்தை: ஆமாம், பெரிய இதய டாக்டர். கேள்வி மேல் கேள்வி கேட்டுவிட்டு, அம்மா, இது காதல் என்கிறார். அவள் நம்பவே மாட்டாள். எல்லா மிஷினிலும் வைத்துப் பாருங்கள் என்று அடம். பக்கத்தில் நிற்கும் அந்த வேலைக்காரப் பெண் பாவம், மானம் போகிறதே என்று முகம் சிவந்து நிற்கிறாள். எனக்கு அவளைப் பார்த்துத்தான் அதிகம் சிரிப்பு.

நித்யா: ஹயாசாகா. அத்தை, நீங்கள் சரியான இடத்தைப் பிடித்தீர்கள். அந்தக் கதையில் ஷிரோகானே வருவதே கொஞ்சம்தான். எதிராளி இல்லாமல் காகுயா தன்னோடு தானே மல்லுக்கட்டித் தோற்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாவது ஆளுக்கு வெட்கம். முதல் சீசனில் மற்றவர்கள் எல்லாம் இவர்கள் இருவர் ஆட்டத்துக்குக் காய்கள்தான். இரண்டாவதில் ஒவ்வொருவருக்கும் தனி மூளை, தனிக் கவலை.

கார்த்திக்: காட்சி எடுத்த விதமும் மாறுகிறது. எல்லாரும் ஒரு காதல் மாங்காவைப் படித்து அழுகிற கதை வருமே, அதில் முகங்களையே அந்த வகை மாங்காவின் பாணியில், கண்ணுக்குள் நட்சத்திரம் மின்ன வரைந்திருப்பார்கள். முதல் சீசனிலும் இயக்குநர் நிறைய வேடிக்கை காட்டினார், ஆனால் எல்லாமே போர்க்கள வேடிக்கை. இதில் கதைக்குத் தகுந்த மாதிரி உடை மாற்றுகிறார்.

சரவணன் மாமா: புதிதாக ஒரு பெண் வருவாள் என்றாயே, ஈனோ. அவள் எப்படி?

அம்மு: ஈனோ மிக்கோ. எனக்குப் பிடிக்கும். அக்காவுக்கு முழுசாகப் பிடிக்காது.

நித்யா: ஷிரோகானேவை எதிர்த்து மன்றத் தலைவர் பதவிக்கு அவள் நிற்கும் தேர்தல் கதையில் ரொம்பப் பிடிக்கும். அதற்கப்புறம் அவள் தப்பான நேரத்தில் கதவைத் திறப்பாள், உள்ளே நடப்பதை அசிங்கமாகக் கற்பனை செய்துகொண்டு அலறுவாள். முதல் இரண்டு தடவை சிரிப்பு வந்தது. அதையே பிழிந்திருக்கிறார்கள்.

நித்யா: ஆனால் அந்தத் தேர்தல் இருக்கிறதே. படிப்பில் எப்போதும் முதல் மாணவி, மேடை ஏறினால் நா எழாது. ஆண்கள் எல்லாரும் மொட்டை அடிக்க வேண்டும் என்பது அவள் வாக்குறுதி. தேர்தலில் நின்றபோதெல்லாம் கூட்டம் அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. மன்றப் பொருளாளர் இஷிகாமி ஷிரோகானேவிடம் போய், அவளைத் தோற்கடியுங்கள், ஆனால் யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்காதபடி தோற்கடியுங்கள் என்று கேட்கிறான்.

சரவணன் மாமா: இஷிகாமியா? ஒரு கண்ணை முடி மறைக்க, ஆரம்பத்திலிருந்தே வீட்டுக்குப் போகிறேன் என்று புலம்புகிறவனா?

நித்யா: அவனேதான். ஷிரோகானே என்ன செய்கிறான் தெரியுமா? அவள் திக்கித் திணறும்போது குறுக்கே புகுந்து அந்த மொட்டைத் திட்டத்தைக் கேள்வி கேட்கிறான். கோபத்தில் அவளுக்குப் பயம் போய்விடுகிறது. அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லத் தொடங்கியதும் பேச்சு தானாக வருகிறது. சூழ்ச்சி வேண்டும் என்றீர்களே மாமா, இதைவிடப் பெரிய சூழ்ச்சி முதல் சீசனில் எங்கே இருக்கிறது? அதே தந்திர மூளையை ஒருத்திக்கு நல்லது செய்யப் பயன்படுத்துகிறான்.

சரவணன் மாமா: இது எத்தனையாவது?

கார்த்திக்: ஆறு. இன்றிரவே போய்விடலாம்.

அம்மு: 11 பற்றி யாரும் பேசக்கூடாது!!! மாமா பார்க்கவில்லை

சரவணன் மாமா: பேசுங்கள். கதை முன்கூட்டித் தெரிந்தால் எனக்கு ஒன்றும் குறையாது. ஆனால் முதலில் என் ஆட்சேபணையைக் கேளுங்கள். நகைச்சுவைத் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒருத்தனின் சோகக் கதையை அவிழ்ப்பது பழைய உத்தி. சிரிக்க வைக்கச் சரக்கு தீர்ந்துவிட்டால் அழ வைப்பார்கள். அதுதானே 11?

நித்யா: எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அப்படி இல்லை என்பதற்கு ஒரே காரணம் சொல்கிறேன், அம்மு கண்ணை மூடிக்கொள்ளட்டும்.

அம்மு: நான் நான்கு தடவை பார்த்தவள்

நித்யா: இஷிகாமியின் புலம்பல் முதல் சீசன் முழுக்கச் சிரிப்புக்குத்தான். காகுயா தன்னைக் கொன்றுவிடுவாள் என்று நடுங்குவான், நாமும் சிரிப்போம். 11இல் அவன் ஏன் அப்படி ஆனான் என்று சொல்கிறார்கள். ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போய், உண்மையைச் சொன்னால் அவளுக்குத்தான் காயம் என்று வாயை மூடிக்கொண்டான். அந்தப் பெண் உட்படப் பள்ளியே அவனைக் குற்றவாளி என்றது. மன்னிப்புக் கட்டுரை எழுதிக் கொடுத்தால்தான் பள்ளிக்குள் வரலாம். அவனால் ஒரு வரி எழுத முடியவில்லை.

நித்யா: ஷிரோகானே எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறான். நீ இதைத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று அந்தத் தாளில் கொட்டை எழுத்தில் கிறுக்குகிறான்: வாயை மூடு, முட்டாளே! அவ்வளவுதான். மொத்தத் தொடரிலும் நெஞ்சை அடைக்கிற இடம் எது என்று கேட்டால், அது ஒரு ஜோக் மாமா. சின்னப் பையன் மாதிரி ஒரு வசவு. அழ வைப்பதற்காகச் சிரிப்பை நிறுத்தி வைக்கவில்லை, அதே சரக்கை வைத்தே அழ வைக்கிறார்கள்.

கார்த்திக்: இன்னொன்று, கவனித்துப் பாருங்கள். விளையாட்டு விழா மைதானத்தில் அவனைச் சுற்றி இருப்பவர்களுக்குக் கண்ணே வரைந்திருக்க மாட்டார்கள். வெறும் முகம். அவன் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, அதனால். கடைசியில் நிமிர்ந்து பார்க்கும்போதுதான் ஒவ்வொருவருக்கும் கண் வரும்.

அம்மு: காகுயா அவளுடைய யூனிஃபார்மை அவனுக்குக் கொடுப்பாளே, உற்சாகக் குழுவில் ஆடுவதற்கு! கொன்றுவிடுவாள் என்று நினைத்தவளே கொடுக்கிறாள்

நித்யா: ஈனோ விஷயம் இன்னும் அழகு. அவன் உயர்நிலைக்கு வர முடிந்ததற்கு அவள் ஆசிரியர்களிடம் மல்லாடியது ஒரு காரணம். அது அவனுக்குத் தெரியாது. தேர்தலில் அவன் செய்தது அவளுக்குத் தெரியாது. இரண்டு பேரும் தினமும் அடித்துக்கொள்கிறார்கள், பார்க்கிற நமக்கு மட்டும் இரண்டும் தெரியும். முதல் சீசன் ஜோக்குகளுக்கு நேற்று என்ன நடந்தது என்று நினைவே கிடையாது மாமா. இரண்டாவதில் எல்லா ஜோக்குக்கும் நினைவு இருக்கிறது.

சரவணன் மாமா: இதற்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் வேண்டும். வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது.

தேவி அத்தை: பதில் இல்லை என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 7:40

சரவணன் மாமா: 12 வரை முடித்தேன். தூங்கியது இரண்டு மணிக்கு.

அம்மு: மாமாஆஆ. 11?

சரவணன் மாமா: நன்றாக இருந்தது. ஆனால் நான் எதிர்பார்க்காத இடத்தில் மாட்டிக்கொண்டேன். கடைசி எபிசோடில் அவளுடைய பழைய ஃபோன் விழுந்து உடைகிறதே. உள்ளே இருந்த படங்கள் எல்லாம் போய்விட்டன. புது ஸ்மார்ட்ஃபோன் வாங்கியும் அவளுக்குச் சந்தோஷம் இல்லை. அப்புறம் மற்றவர்கள் தங்களிடம் இருக்கும் படங்களை எல்லாம் சேர்த்து அவளுக்குப் பகிர்கிறார்கள்.

நித்யா: அதில் போர் எங்கே மாமா?

சரவணன் மாமா: இல்லை. இருந்தாலும் பிடித்தது, என்ன செய்ய. ஆனால் சுத்தமான சூழ்ச்சி என்று பார்த்தால் முதல் சீசனுக்குத்தான் என் ஓட்டு, எழுதிக்கொள்.

கார்த்திக்: மூன்றாவதில் சூழ்ச்சி திரும்பி வருகிறது மாமா. 2022இல் வந்தது, 13 எபிசோட். கடைசி இரண்டையும் ஒரே இரவில் சேர்த்துப் போட்டார்கள். பள்ளி விழாவில் ஷிரோகானே போடுகிற திட்டத்துக்கு முன்னால் அந்த சினிமா டிக்கெட் எல்லாம் ஒன்றுமே இல்லை.

சரவணன் மாமா: அப்படியா. மதியம் சாப்பிட்டுவிட்டு சுமதி வீட்டு டிவியில் போடு.

சுமதி சித்தி: எங்கள் டிவியில் மதியம் கிரிக்கெட் அண்ணா.