ரே டேவிஸை நேரில் பார்த்தவங்க, பார்க்க முடியாமப் போனவங்க

ஈரக்குடை:
2010, இங்கிலாந்தோட கிளாஸ்டன்பரி இசை விழா, ஞாயிற்றுக்கிழமை. நான் போனது ராத்திரி வர்ற ஸ்டீவி வொண்டருக்காக. வெயில் தாங்காம உட்கார்ந்திருந்தப்போ மேடையில ரே, கிங்க்ஸ்ங்கற பழைய இங்கிலாந்து ராக் குழுவோட பாடகர்; பின்னாடி க்ரவுச் எண்ட் பாட்டுக்குழு. கிங்க்ஸ்னா அப்போ எனக்கு ரெண்டு பாட்டுதான் தெரியும். நடுவுல பீட்னு ஒரு பேரைச் சொன்னார், குரல் கம்மிப்போச்சு. பக்கத்துல நின்ன பெரியவர் தொப்பியைக் கழட்டினார். "யாருங்க பீட்?"னு அவர்கிட்டயே கேட்டுட்டேன். பதிலே இல்ல, தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு இருந்தார். வீட்டுக்கு வந்துதான் தெரிஞ்சது, கிங்க்ஸ்ல பேஸ் வாசிச்ச பீட் க்வைஃப் செத்து அன்னிக்கு நாலே நாள். ஏன்தான் வாயைத் திறந்தேனோ.

நியூஜெர்சிக்காரன்:
நீங்க பார்க்கவாவது பார்த்தீங்க. 2012 ஒலிம்பிக் நிறைவு விழா. லண்டன்ல இருந்து அக்கா போன்: "கறுப்பு டாக்ஸில வந்து இறங்கி ரே அவரோட வாட்டர்லூ சன்செட் பாட்டைப் பாடறார்டா, விட்டுடாதே!" இங்க அமெரிக்காவுல ஒளிபரப்பு பல மணி நேரம் கழிச்சு. பிள்ளைகளைத் தூங்க விடாம உட்கார வெச்சேன். டாக்ஸி வரும், வரும்னு பார்த்தா அந்தப் பகுதியையே வெட்டிட்டாங்க! 1965ல இருந்து நாலு வருஷம் இதே நாட்டுல இசைக்கலைஞர் சங்கம் அனுமதி தராம கிங்க்ஸை மேடையேற விடல. பழைய பாக்கி போல. "அப்பா, டாக்ஸி எங்கே?"னு சின்னவ கேட்டது இப்பவும் வீட்டுல ஓடுது, கரண்ட் போனாக்கூட.

மூணுதந்தி:
நான் ரேயைப் பார்த்ததில்ல, அவர் தம்பி, கிங்க்ஸ்ல கிட்டார் வாசிச்ச டேவ் பண்ணினதைப் பண்ணிப் பார்த்தேன். 1964ல வந்த 'யூ ரியலி காட் மீ' பாட்டோட கிட்டார் கரகரப்புக்கு அவர் குட்டி ஆம்ப்ளிஃபயரோட (ஆம்ப்) ஸ்பீக்கரை பிளேடால கிழிச்சார்ல? அறைநண்பன் ஊருக்குப் போன வாரம் அவனோடதை எடுத்துக் கிழிச்சேன். கொசு சத்தம்தான் வந்தது. மத்தபடி, ராக்ல நம்ம ஊர் ராகச் சாயலை முதல்ல கொண்டுவந்தது பீட்டில்ஸ், கிங்க்ஸ் இல்ல.

பழையதட்டு:
தப்பு. கிங்க்ஸோட 'சீ மை ஃப்ரெண்ட்ஸ்' வந்தது 1965 ஜூலை. பீட்டில்ஸோட முதல் சிதார் பாட்டு அதே வருஷம் டிசம்பர். ஆஸ்திரேலியா போற வழியில பம்பாயில தங்கினப்போ, விடியக்காலையில மீனவங்க பாடிட்டுப் போனது ரே காதுல விழுந்திருக்கு. அதுல இருந்து பிறந்த பாட்டு. சிதாரே கிடையாது, கிட்டாரையே தம்புரா மாதிரி ரீங்காரமா இழுத்திருப்பாங்க. கேட்டுட்டு வந்து பேசுங்க.

ஆம்ப் விஷயத்துக்கு வரேன். கிழிச்ச ஸ்பீக்கரை மட்டும் வெச்சுக்கிட்டா கொசுதான் வரும். டேவ் அந்தச் சின்ன ஆம்ப்பைப் வாக்ஸ் ஏசி30ங்கற பெரிய ஆம்ப்புக்குள்ள கொடுத்தார், பாதி வேலை அங்கேதான். இனிமே செய்யறதா இருந்தா தூக்கிப் போடற ஸ்பீக்கர்ல செய்யுங்க. ப்ளக்கைப் பிடுங்கிடுங்க. காகிதக் கூம்புல மட்டும் கீறுங்க, நடுவுல இருக்கற சுருள் பக்கம் போகாதீங்க. முதல்ல அந்த நண்பனுக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கிக் கொடுங்க.

என் அனுபவமா? அண்ணன் தம்பி ஆரம்பத்துல வாசிச்ச க்ளிஸ்ஸோல்ட் ஆர்ம்ஸ் பப்புக்கு காலை ஒன்பது மணிக்குப் போய் நின்னேன். திறக்கல.

மூணுதந்தி:
ஸ்பீக்கர் பழுதாயிடுச்சுன்னு அவனே வேற வாங்கிட்டான். நான்தான்னு இன்னும் தெரியாது.