தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியுமா?

பொதட்டூர்பேட்டை தறிக்காரன் | ஞாயிறு, இரவு 9.10

போன வருடம் ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய வாரம் நகரியிலிருந்து வண்டியில் வந்துகொண்டிருந்தேன். வளைவில் ஏதோ லாரி சிந்திவிட்டுப் போன மணல். வழுக்கி விழுந்ததில் இடது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். நாலு மாதம் கக்கத்தில் கட்டை. இப்போது நடக்கிறேன், மழை இருட்டினால் மட்டும் உள்ளே குடைகிறது.

அந்த நாலு மாதத்தில் ஒரு தம்ளர் டீயை அடுப்படியிலிருந்து திண்ணைக்குக் கொண்டுவர என்னால் முடியவில்லை. இரண்டு கையும் கட்டையில் இருக்கிறதே! கடைசியில் டீயைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். "எல்கேஜி போறியாப்பா?" என்று மகள் கேட்டாள்.

சொல்ல வந்தது இது. எங்கள் கொட்டகையில் தறி ஓட்டும் ஒருவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர், முழங்கால் தேய்ந்தவர். அடிக்கடி நூல் பெட்டிமேல் உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை அப்படி உட்கார்ந்திருந்தபோது பாவில் இழை அறுந்து, கவனிக்காமல் ஒன்றரை முழம் ஓடிவிட்டது. சேதத்துக்கென்று கூலியில் 300 ரூபாய் பிடித்தேன், நாலு பேர் முன்னால் கத்தவும் செய்தேன். கட்டையை ஊன்றிக்கொண்டு முதல்முதலாகக் கொட்டகைக்குப் போன அன்று பத்து நிமிடம் நிற்க முடியவில்லை. நான் போய் உட்கார்ந்தது அதே நூல் பெட்டிமேல். மறுநாளே தச்சரிடம் சொல்லி அவருக்கு ஒரு முக்காலி செய்யச் சொன்னேன்.

அதனால் சொல்கிறேன், தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்று பெரியவர்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அடிபடாதவனுக்கு அடுத்தவன் வலி புரியவே புரியாது. இல்லை என்பவர்கள் வாருங்கள்.

நகரி மருமகள் | ஞாயிறு, இரவு 9.48

இல்லை என்று சொல்ல வந்திருக்கிறேன் அண்ணா.

எனக்கு இரண்டாவது பிரசவம் ஆனபிறகு ஆறு மாதம் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். வீட்டில் ஆண்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, பாவம் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சொன்னவர்கள் எல்லாம் பெற்றவர்கள்தான். மாமியார், பெரிய மாமியார், எதிர்வீட்டு அத்தை என்று மூன்று பேரும் ஒரே வரியைச் சொன்னார்கள்: "நாங்கெல்லாம் பெத்துக்கலையா?"

இந்தக் கேள்வியைப் பெறாதவர் யாராவது கேட்க முடியுமா? அனுபவப்பட்டவர் கையில்தான் அது சிக்கும். எங்கள் மாமனாருக்குக் கை முறிந்து சரியானபின் இன்னும் மோசம். பக்கத்து வீட்டம்மாவுக்கு அதே மணிக்கட்டு முறிந்து அழுதபோது, "நான் நாற்பதாம் நாள் குடம் தூக்கினேன், இவளுக்கென்ன இவ்வளவு நோவு" என்கிறார். அவர் தூக்கியது பிளாஸ்டிக் குடம், அதுவும் காலி. பார்த்த சாட்சி நான்.

ஏகாம்பரகுப்பம் எக்ஸ்பிரஸ் | ஞாயிறு, இரவு 10.02

அண்ணே, கம்பியெல்லாம் எதுக்கு? ரயில் ஏறினா புத்தூர், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் ஊர். ஆறாவது படிக்கும்போது எனக்கு முழங்கை முறிந்தது. தழை அரைத்துப் பூசி, முட்டை வெள்ளைக்கருவில் துணியை நனைத்துச் சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். இன்றைக்கும் இந்தக் கையால்தான் டைப் அடிக்கிறேன்.

திருத்தணி இயன்முறை | ஞாயிறு, இரவு 10.20

உங்கள் கை தப்பித்தது சந்தோஷம். ஆனால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த முறிவோடு எந்தக் கட்டுக்கும் போகாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிதான். மாவுக்கட்டோ மூங்கில் கட்டோ, கட்டியபின் விரல் நுனி நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ விடியட்டும் என்று இருக்கக்கூடாது. சில மணி நேரத்தில் தசை செத்துவிடும்.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, இரவு 10.31

கட்டா ஆபரேஷனா என்பதற்குத் தனி இழை இருக்கிறது. தறிக்காரர் இழையில் வேறு நூல் கோக்க வேண்டாம்.

திருத்தணி இயன்முறை | திங்கள், மதியம் 1.15

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பதினாலு வருடமாக முறிந்தவர்களை நடக்க வைக்கும் வேலை. தறிக்காரர் சொல்வதும் பார்த்திருக்கிறேன், மருமகள் சொல்வதும் பார்த்திருக்கிறேன்.

முதலில் தறிக்காரர் பக்கம். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுக்கால் முதலில் என்று புது ஆளுக்கு நான் பத்துமுறை சொன்னாலும் ஏறாது. போன மாதம் இடுப்பு முறிந்த பாட்டி ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே பக்கத்துப் பையனிடம், "சாமி கும்பிடப் போறப்ப நல்ல கால், திரும்பறப்ப கெட்ட கால், அவ்வளோதான்டா" என்றார். பையன் பிடித்துக்கொண்டான். பாட்டி அதோடு விடவில்லை. கட்டையின் முனைக்கும் அவன் கக்கத்துக்கும் நடுவே மூன்று விரலை விட்டுப் பார்த்து, இடம் போதவில்லை, உயரத்தைக் குறை என்று என்னிடமே சொன்னார். சரியாகச் சொன்னார். எடையை உள்ளங்கைதான் வாங்க வேண்டும். கக்கத்தால் தொங்கினால் நரம்பு அழுந்தி மணிக்கட்டே தொங்கிப்போகும்.

ஆனால் இது நோவு இருக்கும்வரைதான். கட்டையை விட்ட ஆறாம் மாதம் அதே ஆட்கள் வேறு மாதிரி. "என்ன சார் இவன் இப்படிக் கத்தறான், எனக்கும்தானே மடக்கினீங்க?" என்பார்கள். மடக்கியபோது அவர் கத்தியது தெருமுனைவரை கேட்டது. அவருக்கு அது நினைவில்லை.

இதற்கு ஆய்வே உண்டு. ரட்டன், மெக்டானல், நார்ட்கிரென் என்ற மூவர் 2015-ல் வெளியிட்டது. அமெரிக்காவில் குளிர்காலம் முடியாத நேரத்தில் மிச்சிகன் ஏரியில் குதிக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. குதிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் பயந்து பின்வாங்கிய ஒருவனின் கதையைக் கொடுத்து, அவன்மேல் எவ்வளவு இரக்கம் வருகிறது என்று கேட்டார்கள். இன்னும் குதிக்காதவர்களைவிடக் குதித்து முடித்தவர்களுக்கு இரக்கம் குறைவு, இளக்காரம் அதிகம். நாம் பட்ட வலியின் அளவு மறந்துபோகிறது, நாம் தாண்டிவிட்டோம் என்பது மட்டும் நிற்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

நகரி மருமகள் | திங்கள், மதியம் 1.40

நாங்கெல்லாம் ஏரியில குதிக்கலையா!

பொதட்டூர்பேட்டை தறிக்காரன் | திங்கள், இரவு 8.55

சார், அவர்கள் குளிர்ந்த தண்ணீரில் கிடந்தது எவ்வளவு நேரம்? குதித்துவிட்டுத் துண்டைப் போர்த்திக்கொண்டு போயிருப்பார்கள். நான் நாலு மாதம் மூத்திரத்துக்கு ஆள் கூப்பிட்டவன். குளிக்கும்போது காலுக்கு பாலிதீன் கவர் கட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். மக்கு கை நழுவி மூலைக்கு உருண்டால் சோப்பு காய்கிறவரை அப்படியே இருக்க வேண்டியதுதான். ஒருநாள் மனைவி ரேஷன் கடையில் இருந்தாள். முக்கால் மணி நேரம். இரண்டும் ஒன்றா?

திருத்தணி இயன்முறை | திங்கள், இரவு 9.30

நியாயமான கேள்வி. ஆய்வும் முழுக்க உங்களுக்கு எதிரி இல்லை. 2016-ல் லிம், டெஸ்டெனோ என்ற இருவர் வாழ்க்கையில் கடுமையாக அடிபட்டவர்களிடம் இரக்கம் கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள். முதல் ஆய்விலும் ஒரு நுணுக்கம் உண்டு. பள்ளியில் சீண்டலுக்கு ஆளானவர்களிடம் அதேபோல் சீண்டப்பட்ட பையனின் கதையைச் சொன்னபோது, தாக்குப்பிடித்த பையன்மேல் அவர்களுக்கு இரக்கம் அதிகமாகவே வந்தது. தாக்குப்பிடிக்க முடியாமல் கைநீட்டிய பையன்மேல்தான் குறைந்தது. எனக்குத் தோன்றுவது: பட்டவர் தன்னைப்போலவே தேறி வருபவனை அணைத்துக்கொள்வார், தேறாதவனைத்தான் பொறுக்கமாட்டார். பாட்டிக்கு அந்தப் பையனைப் பிடித்தது, அவன் சொன்னதும் ஏறினான் என்பதாலும் இருக்கலாம்.

ஏகாம்பரகுப்பம் எக்ஸ்பிரஸ் | திங்கள், இரவு 9.41

பாட்டியையும் விட்டுவைக்கலையா சார்.

கேலிப்பர் கால், பள்ளிப்பட்டு | செவ்வாய், இரவு 11.20

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

பல்ஸ் போலியோ முகாம் நாடு முழுக்க வந்தது 1995-ல். நான் அதற்கு முந்தைய பேட்ச். வலது காலில் தொடைவரை கேலிப்பர், காலைத் தாங்கும் இரும்புச் சட்டம். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் ஊனச் சான்று அட்டை 60 சதவீதம் என்கிறது. தறிக்காரர் நாலு மாதம் நூறு சதவீதமாக இருந்து இப்போது சுழியத்துக்குத் திரும்பிவிட்டார். இருக்கட்டும், நல்லது.

ஆனால் ஐயா, ஊனம் என்ற எங்கள் ஊருக்கு நீங்கள் வந்துபோன விருந்தாளி. விருந்தாளி கண்ணுக்கு முதலில் படுவது குண்டும் குழியும்தான். டீயைக் கழுத்தில் மாட்டும் தந்திரம் உங்களுக்கு நாலு மாதத்தில் வந்தது. அப்படி எத்தனை தந்திரம் என்னிடம் இருக்கிறது என்று நான் எண்ணியதில்லை. கால் உடைந்து சரியான ஒருவர் என் கடைக்கு வந்தால் நடப்பதைச் சொல்கிறேன். மிஷினிலிருந்து பேப்பரை எடுக்க நான் எழுவதற்குள் கல்லாவைத் தாண்டிக் கையை நீட்டி எடுத்துவிடுவார். "நீ உட்காருப்பா, அந்த வேதனை எனக்குத் தெரியும்" என்பார். என்ன வேதனை? எனக்குக் கால் வலிப்பதே இல்லை. அவருக்கு வலித்தது, அதனால் எனக்கும் வலிக்கும் என்று முடிவு கட்டிவிட்டார். இதில் வரிசை மாறிச் சூடான காகிதத்தை இழுத்து மிஷின் சிக்கிக்கொள்வது தனிக்கதை.

இயன்முறை சார் ஆய்வு சொன்னதால் நானும் ஒன்று சொல்கிறேன். ஏரியல் சில்வர்மன் என்ற பெண்மணி, அவரே பார்வையற்றவர், 2015-ல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்டது. பார்வை உள்ளவர்களுக்குக் கண்ணைக் கட்டிச் சில வேலைகள் கொடுத்தார்கள். கண்கட்டை அவிழ்த்தபின், பார்வையற்றவர்களால் தனியாக வாழவோ வேலை செய்யவோ முடியும் என்ற நம்பிக்கை அவர்களுக்குக் குறைந்திருந்தது. தட்டுத் தடுமாறிய முதல் சில நிமிடங்கள்தான் முழு வாழ்க்கையும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

எனக்கு வேண்டியது என் வலியைப் புரிந்துகொள்பவர் இல்லை. அரையடிப் படிக்கு ஆறடிச் சாய்தளம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. கால் உடையாத எஞ்சினியரும் அதைப் போடலாம், காசும் மனசும் இருந்தால் போதும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 7 வகை ஊனம் 21 வகை ஆனது. அதற்குக் கை தூக்கிய எம்பிக்கள் எல்லாருக்கும் காலா உடைந்திருந்தது?

பொதட்டூர்பேட்டை தறிக்காரன் | புதன், காலை 6.15

ராத்திரியே படித்தேன், தூக்கம் வரவில்லை. கல்லா தாண்டிப் பேப்பர் எடுத்த ஆள் நானில்லை, ஆனால் நானாக இருந்திருப்பேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன் தம்பி. அந்தச் சட்டம் வேண்டும் என்று தெருவில் உட்கார்ந்தவர்கள் யார்? பட்டவர்கள்தானே? கை தூக்கியது அப்புறம்தானே?

கேலிப்பர் கால், பள்ளிப்பட்டு | புதன், காலை 9.05

உட்கார்ந்தவர்கள் நாங்கள்தான். எங்களுக்காகத்தான் உட்கார்ந்தோம் ஐயா, அதற்குப் பெயர் இரக்கம் இல்லை. ஆனால் காது கேளாதவர் பிரச்சினைக்கு நான் உட்கார்ந்தேன், எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அதைக் கால் சொல்லிக்கொடுத்ததா என்றால், கொஞ்சம் இருக்கலாம். அந்த அளவுக்கு உங்கள் கட்சியை ஒப்புக்கொள்கிறேன்.

ஆந்திரா பஸ்ஸில் ஒரு கண்டக்டர் வருவார். நான் இறங்கும்போது கை கொடுக்கமாட்டார். கதவருகே நின்று டிரைவர் வண்டியை எடுக்காமல் பார்த்துக்கொண்டு, "மெல்லகா திகண்டி", மெதுவாக இறங்குங்கள் என்பார், அவ்வளவுதான். அவருக்கு எங்கேயும் அடிபட்ட மாதிரி தெரியவில்லை. கேட்டதும் இல்லை.

நகரி மருமகள் | புதன், காலை 10.30

தறிக்காரர் அண்ணா, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். முக்காலி செய்துகொடுத்தீர்கள், சரி. பிடித்த 300 ரூபாய் என்ன ஆயிற்று?

ஏகாம்பரகுப்பம் எக்ஸ்பிரஸ் | புதன், காலை 10.33

போச்சுடா.

பொதட்டூர்பேட்டை தறிக்காரன் | ஞாயிறு, இரவு 8.20

நாலு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒருமுறை பிடித்ததாகத்தான் நினைத்திருந்தேன், ஐந்து முறை பிடித்திருக்கிறேன். மொத்தம் 1,350 ரூபாய். என் கையெழுத்துதான்.

நேற்று சனிக்கிழமை, கூலி நாள். சேர்த்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார். பழைய சேதக் கழிவு என்றேன். எச்சில் தொட்டு எண்ணினார். அப்புறம் 250 ரூபாயைத் தனியாகப் பிரித்துத் திருப்பி நீட்டி, "கார்த்திகை மாசம் பிடிச்சது என் தப்புதான், தூங்கிட்டேன்" என்றார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டேன்.

நகரி மருமகள் | ஞாயிறு, இரவு 8.34

முக்காலியில் உட்காருகிறாரா?

பொதட்டூர்பேட்டை தறிக்காரன் | ஞாயிறு, இரவு 8.41

மற்ற ஆட்கள் உட்காருகிறார் என்கிறார்கள். நான் உள்ளே நுழைந்தால் எழுந்துவிடுகிறார்.

கேலிப்பர் கால், பள்ளிப்பட்டு | ஞாயிறு, இரவு 8.50

ஏன் என்று கேட்டீர்களா?

பொதட்டூர்பேட்டை தறிக்காரன் | ஞாயிறு, இரவு 9.26

இல்லை.