கட்டற்ற மென்பொருளுக்குப் பராமரிப்பாளர்கள் தேவை: வழி சொல்லுங்கள்

வணக்கம். பாமினி, டிஸ்கி என்னும் எழுத்துக் குறியாக்க முறைகளில் தட்டச்சான பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் கட்டற்ற பைத்தான் நிரல் ஒன்றை, நாகர்கோவிலில் இருந்தபடி இரண்டு ஆண்டுகளாக நான் ஒருவனே பராமரித்து வருகிறேன்.

2023 அக்டோபரில் வெளியான பைத்தான் 3.12-இல் நிரல்களை நிறுவ உதவும் டிஸ்ட்யூட்டில்ஸ் தொகுதி நீக்கப்பட்டதால், அதை நம்பியிருந்த எங்கள் நிறுவல் பாதியில் நின்றுவிடுகிறது. பழைய முறைகளில் மெய்க்கு முன்னால் வரும் கொம்பை யூனிகோடில் பின்னால் வைக்க வேண்டும். அது தவறி, ‘கொடி’ என்ற சொல்லில் கொம்பு மட்டும் புள்ளிவட்டத்தோடு தனித்து நிற்கிறது.

எளிய வழுக்களைப் புதியவர்களுக்கென்று குறித்து வைத்தேன். தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் மாணவர்களுக்குப் பயிற்சி நடத்தினேன். ஆளுக்கொரு திருத்தம் அனுப்பியவர்கள் தேர்வுக்குப் பின் திரும்பவில்லை. பிறர் அனுப்பும் திருத்தங்களை நிரலில் சேர்க்கும் இணைப்புரிமையை எவருக்கும் கொடுக்காமல் நானே வைத்திருந்ததும் இதற்குக் காரணம் என்றே நினைக்கிறேன்.

புதியவர் ஒருவருக்கு அந்த உரிமையை எந்தக் கட்டத்தில், எதைப் பார்த்துக் கொடுக்கிறீர்கள்?