லண்டன் ரயில்: ஒரே பயணத்துக்கு மனைவியைவிட எனக்குப் பல மடங்கு கட்டணம் ஏன்?

புதுவரவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மனைவி, 8 வயது மகள், 68 வயதான என் தாயார் ஆகியோருடன் கடந்த வியாழக்கிழமை லண்டன் வந்து சேர்ந்தேன். கோல்டர்ஸ் கிரீன் நிலையத்தின் அருகே தங்கியிருக்கிறோம். வரும் வெள்ளிக்கிழமை ஹீத்ரோவிலிருந்து விமானம்.

சனிக்கிழமை தாயாரை அறையில் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு நாங்கள் மூவரும் கிரீன்விச் சென்றோம். சுரங்க ரயிலின் நார்தர்ன் பாதையில் பேங்க் நிலையம் வரை சென்று, வெளியே வராமலேயே டி.எல்.ஆர். எனப்படும் இலகு ரயிலுக்கு மாறி, கட்டி சார்க் நிலையத்தில் இறங்கினோம். மாலையில் அதே வழியில் திரும்பினோம். அன்று வேறெங்கும் செல்லவில்லை. ஞாயிறு காலையில் வங்கிக் கணக்கைப் பார்த்தபோது, மனைவியின் வங்கி அட்டையில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவும், என் கணக்கில் அதைவிடப் பல மடங்காகவும் தொகை கழிந்திருந்தது. எவ்வளவு சுற்றினாலும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பு உண்டு என்று படித்துவிட்டுத்தான் வந்தேன். என் தொகை அந்த வரம்பையும் தாண்டிவிட்டது. இருவரும் ஒரே ரயிலில் அருகருகே அமர்ந்து சென்றோம் என்பதால் இந்த வேறுபாடு எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னும் இரண்டு சிக்கல்கள். வெள்ளியன்று பேருந்தில் என் அட்டையைத் தாயாருக்காக இரண்டாம் முறை வைத்தபோது கருவி ஏற்கவில்லை. நாணயம் கொடுத்தேன், ஓட்டுநர் வாங்கவில்லை. சனிக்கிழமை மாலையில், பேங்கிலிருந்து வடக்கே செல்லும் ரயிலில்தான் ஏறினோம். ஆனால் அது ஆர்ச்வேக்குப் போய்விட்டது. தாயாருக்கு மூட்டு வலி இருப்பதால் இனி அவரை அழைத்துக்கொண்டு இப்படித் தடுமாற விரும்பவில்லை.

தினப்பயணி எழுதியது:

வணக்கம். இங்கே உச்சநேரக் கட்டணம் என்று ஒன்று உண்டு. காலை 6.30 முதல் 9.30 வரையிலும் மாலை 4 முதல் 7 வரையிலும் ரயிலில் ஏறினால் கட்டணம் கூடும். நீங்கள் அந்த நேரத்தில் சென்றிருக்கலாம். இனி ஒருநாள் டிராவல்கார்டு வாங்கிவிடுங்கள். கணக்குப் பார்க்கும் தொல்லையே இராது.

வாயில்காப்போன் எழுதியது:

தினப்பயணி சொல்வது வார நாட்களுக்குப் பொருந்தும். புதுவரவு சென்றது சனிக்கிழமை. அன்று உச்சநேரமே கிடையாது. அப்படியே உச்சநேரமாக இருந்திருந்தாலும் நாள் வரம்பை அது மீறியிருக்காது. டிராவல்கார்டும் பெரும்பாலான சுற்றுலாப் பயணிகளுக்குத் தேவையில்லாத செலவு, ஏனெனில் வங்கி அட்டையிலோ, முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ளும் ஆய்ஸ்டர் என்ற பயண அட்டையிலோ கிடைக்கும் நாள் வரம்பு பொதுவாக அதைவிட மலிவு.

வரம்பை மீறித் தொகை கழிகிறது என்றால் காரணம் அநேகமாக ஒன்றுதான்: முடிவுறாத பயணம். நுழையும்போது கருவியில் தட்டிய அட்டை வெளியேறும்போது தட்டப்படவில்லை என்றால் நீங்கள் எங்கே இறங்கினீர்கள் என்பது கணினிக்குத் தெரியாது. ஆகவே அதிகபட்சக் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டணம் நாள் வரம்புக்குள் சேர்க்கப்படுவதில்லை. எனவே எனக்கு மூன்று விவரங்கள் வேண்டும். கட்டி சார்க்கில் இறங்கியபோது எதையாவது தட்டினீர்களா? அன்று முழுவதும் தட்டியது அட்டையையா, அலைபேசியையா? திரும்பும்போது எங்கெங்கே தட்டினீர்கள்?

புதுவரவு எழுதியது:

கட்டி சார்க்கில் தானியங்கிக் கதவே இல்லை. படியேறினோம், தெருவுக்கு வந்துவிட்டோம். தட்டச் சொல்லி யாரும் தடுக்கவில்லை. மனைவி நாள் முழுவதும் தன் பிளாஸ்டிக் அட்டையையே பயன்படுத்தினார். நான் காலையில் கோல்டர்ஸ் கிரீனில் அலைபேசியைத் தட்டி உள்ளே சென்றேன். மாலையில் அலைபேசியின் மின்கலம் தீர்ந்திருந்ததால், கட்டி சார்க்கில் மஞ்சள் வட்டமுள்ள கருவியைக் கண்டு, பணப்பையிலிருந்த அட்டையைத் தட்டினேன். ரயிலில் அலைபேசிக்கு மின்னேற்றம் செய்துகொண்டதால் கோல்டர்ஸ் கிரீனில் வெளியேற மீண்டும் அலைபேசி. ஆனால் அட்டை, அலைபேசி இரண்டுமே ஒரே வங்கிக் கணக்குத்தானே?

வாயில்காப்போன் எழுதியது:

முடிச்சு அவிழ்ந்துவிட்டது. உங்கள் வங்கிக்கு அவை ஒரே கணக்கு. ரயில் கதவுக்கு அவை இரண்டு வெவ்வேறு பயணிகள். அலைபேசியில் அட்டையைச் சேர்க்கும்போது அதற்கெனத் தனியாக ஓர் எண் உருவாகிறது. கருவி படிப்பது அந்த எண்ணைத்தான், பிளாஸ்டிக் அட்டையின் எண்ணை அல்ல. கைக்கடிகாரத்தில் சேர்த்திருந்தால் அது மூன்றாவது பயணி.

இப்போது கணினியின் இடத்தில் நின்று அந்த நாளைப் பாருங்கள். அலைபேசி காலையில் கோல்டர்ஸ் கிரீனில் நுழைந்தது, பிறகு பல மணி நேரம் கழித்து அதே கோல்டர்ஸ் கிரீனில் வெளியேறியது. ஒரு பயணத்துக்கென அனுமதிக்கப்பட்ட நேரம் கடந்துவிட்டதால் அதை ஒரே பயணமாக எண்ண முடியாது. நுழைந்து வெளியேறாத பயணம் ஒன்று, நுழையாமல் வெளியேறிய பயணம் ஒன்று என இரண்டு அதிகபட்சக் கட்டணங்கள். பிளாஸ்டிக் அட்டையோ கட்டி சார்க்கில் நுழைந்து எங்கும் வெளியேறவில்லை. மூன்றாவது அதிகபட்சக் கட்டணம். உங்கள் மனைவிக்குக் காலையில் தட்டாமல் வெளியேறியதற்கு ஒன்று; மாலைப் பயணம் இரு முனையிலும் முறையாகத் தட்டப்பட்டதால் சரியான கட்டணம். அருகருகே அமர்ந்துதான் வந்திருக்கிறீர்கள், பதிவேட்டில்தான் பிரிந்துவிட்டீர்கள்.

டி.எல்.ஆர். நிலையங்கள் பலவற்றில் கதவு இருக்காது. நடைமேடையிலோ வாயிலிலோ ஒரு கம்பத்தில் கருவி நிற்கும். அதைத் தேடிப் போய்த் தட்டுவது பயணியின் பொறுப்பு. கதவு இல்லாத நிலையம்தான் புதியவர்களுக்கு ஆபத்தானது, கதவு உள்ள நிலையம் அல்ல என்பது என் அனுபவம். கதவு குறைந்தபட்சம் நம்மை நிறுத்தி நினைவூட்டுகிறது. ஸ்ட்ராட்ஃபோர்டு, கனடா வாட்டர் போன்ற மாற்று நிலையங்களில் இளஞ்சிவப்பு நிறக் கருவி ஒன்றையும் காண்பீர்கள். அது வேறு: நகரின் நடுப்பகுதியான முதல் மண்டலத்தைத் தொடாமல் சுற்றுவழியே மாறிச் செல்கிறீர்கள் என்று தெரிவிப்பதற்கானது. அதைத் தட்டுவதால் பயணம் முடிந்துவிடாது, தனிக் கட்டணமும் இல்லை. இறங்குமிடத்தில் மஞ்சள் கருவியைத் தட்டியே தீர வேண்டும்.

பணத்தைத் திரும்பப் பெற, நகரப் போக்குவரத்தை நடத்தும் டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் அமைப்பின் தளத்தில் கணக்குத் தொடங்கி அட்டையைப் பதிவு செய்யுங்கள். முடிவுறாத பயணங்கள் குறியிடப்பட்டிருக்கும். இறங்கிய நிலையத்தைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்கலாம். காலைப் பயணத்துக்கு இது எளிது. மாலையில் இரு கருவிகளுக்கு இடையே அறுந்துபோன பயணத்துக்குத் தொலைபேசியில் பேசி விளக்குவது நல்லது. வங்கியில் தகராறு எழுப்ப வேண்டாம். தொகையைக் கழித்தது மோசடிக்காரர்கள் அல்ல என்பதால் அவர்களால் உதவவும் முடியாது.

வடகிளை எழுதியது:

ரயில் மாறிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் இதே பாதையில் பல ஆண்டுகளாகச் செல்கிறேன். நார்தர்ன் என்பது பெயரில்தான் ஒரு பாதை. நகரின் நடுவே பேங்க் வழி, சேரிங் கிராஸ் வழி என இரண்டாகப் பிரிந்து, கேம்டன் டவுனில் சேர்ந்து, அங்கிருந்து மறுபடியும் எட்ஜ்வேர் கிளை, ஹை பார்னெட் கிளை என இரண்டாகப் பிரிகிறது. கோல்டர்ஸ் கிரீன் எட்ஜ்வேர் கிளையில் இருக்கிறது, ஆர்ச்வே மற்றதில். "வடக்கு நோக்கி" என்ற பலகையை மட்டும் நம்பி ஏறினால் பாதி நேரம் தவறாகத்தான் போவீர்கள். நடைமேடையின் மின்பலகையிலும் ரயிலின் நெற்றியிலும் எழுதியிருக்கும் கடைசி நிலையத்தின் பெயரைப் படியுங்கள்.

தவறான ரயிலில் ஏறிவிட்டாலும் பதற வேண்டாம். கேம்டன் டவுனில் இறங்கினால் எட்ஜ்வேர் செல்லும் ரயில்களுக்கு ஒரு நடைமேடை, ஹை பார்னெட் செல்பவற்றுக்கு வேறொரு நடைமேடை, மாறிக்கொள்ளலாம். ஓர் எச்சரிக்கை: எட்ஜ்வேர் வேறு, எட்ஜ்வேர் ரோடு வேறு. பின்னது நார்தர்ன் பாதையிலேயே இல்லை. போதாதென்று அந்தப் பெயரில் உள்ளே இணைப்பில்லாத இரண்டு தனி நிலையங்கள் இருக்கின்றன.

சுரங்க ரயில் வரைபடத்தைப் பற்றியும் ஒரு சொல். வரைவாளர் ஹாரி பெக் 1931இல் வரைந்து 1933இல் வெளியான அமைப்புதான் இன்றும் அடிப்படை. எந்த நிலையத்துக்குப் பின் எது வரும், எங்கே மாறலாம் என்பதை அது தெளிவாகக் காட்டும்; தூரத்தைக் காட்டாது. லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் இடையே 300 மீட்டர்கூட இல்லை. அதற்காக ஆழத்தில் இறங்கி ஏறுபவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கும். கோவென்ட் கார்டனில் மின்தூக்கிக்குக் காத்திருக்கப் பொறுமையின்றிப் படியில் ஏறினால் 193 படிகள். தாயாருடன் அந்தப் பக்கம் போனால் நினைவில் வையுங்கள்.

அக்கா_சவுத்வார்க் எழுதியது:

அம்மாவைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே, ஆகவே எழுதுகிறேன். முதலில் அவருக்கென்று தனி அட்டை வேண்டும். ஓர் அட்டை ஒருவருக்கு மட்டுமே. அதனால்தான் உங்கள் அட்டையைப் பேருந்து இரண்டாம் முறை ஏற்கவில்லை. நாணயத்தை லண்டன் பேருந்துகள் 2014 ஜூலைக்குப் பிறகு வாங்குவதே இல்லை, ஓட்டுநர் மீது தவறில்லை. கோல்டர்ஸ் கிரீன் நிலையத்து இயந்திரத்திலேயே அம்மாவுக்கு ஓர் ஆய்ஸ்டர் அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். 60 வயதைக் கடந்தோர்க்கான இலவசப் பயணம் இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும்தான் என்பதால் அவருக்கு முழுக் கட்டணம்தான். உங்கள் மகளுக்கு அட்டையே வேண்டாம். 11 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் பெரியவர்களுடன் இலவசமாகச் செல்லலாம். அகலமான கதவருகே நிற்கும் ஊழியரிடம் சொன்னால் விடுவார்.

படிகளைத் தவிர்க்க வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறியைப் பாருங்கள். நீல நிறக் குறி இருந்தால் தெருவிலிருந்து ரயிலுக்குள் வரை படியில்லை. வெள்ளைக் குறி என்றால் நடைமேடை வரை மட்டும், ரயிலில் ஏற ஓர் எட்டு வைக்க வேண்டியிருக்கும். இந்த வேறுபாடு மூட்டு வலி உள்ளவர்களுக்கு மிகப் பெரியது. அவசரமில்லாத நாட்களில் பேருந்தே நல்லது. தாழ்தளப் பேருந்து, முன்பக்கத்தில் முதியோர் இருக்கை, வெளியே ஊரைப் பார்த்துக்கொண்டு போகலாம். ஏறும்போது மட்டும் தட்டினால் போதும், இறங்கும்போது வேண்டாம். முதலில் தட்டிய ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்துகளில் ஏறினால் கூடுதல் கட்டணமில்லை, அதே அட்டையைத் தட்டும்வரை.

புதுவரவு எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. வாயில்காப்போன் ஐயா எழுதியபடியே பதிவேட்டில் இருந்தது: என் பெயரில் மூன்று, மனைவியின் பெயரில் ஒன்று. காலைப் பயணங்கள் இரண்டுக்கும் தளத்திலேயே விண்ணப்பித்துவிட்டேன். மாலைப் பயணத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர் இரண்டு பதிவுகளையும் எதிரெதிரே வைத்துப் பார்த்துவிட்டு, சரிசெய்வதாகச் சொன்னார். அலைபேசியைப் பையில் வைத்துவிட்டேன். இனி பிளாஸ்டிக் அட்டை மட்டும். தாயாருக்கு ஆய்ஸ்டர் வாங்கியாயிற்று.

இன்னும் ஒன்று மட்டும் கேட்கிறேன். வெள்ளியன்று பெட்டிகளுடன் ஹீத்ரோ செல்ல எந்த வழி தாயாருக்கு எளிது?

அக்கா_சவுத்வார்க் எழுதியது:

கோல்டர்ஸ் கிரீனில் சேரிங் கிராஸ் வழியாகச் செல்லும் ரயிலில் ஏறுங்கள். பேங்க் வழி ரயில் வேண்டாம். டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் இறங்கி, மின்தூக்கியில் எலிசபெத் பாதைக்கு மாறுங்கள். 2022 மே மாதம் திறந்த பாதை அது. எல்லா நிலையங்களிலும் நடைமேடை வரை படியில்லை, பெட்டிகளுக்கும் இடமுண்டு. அது ஹீத்ரோ வரை நேராகச் செல்லும். ஹீத்ரோவுக்கே செல்லும் பிக்கடில்லி சுரங்கப் பாதையைவிடக் கட்டணம் கூடுதல்தான், ஆனால் அம்மாவின் முழங்காலுக்கு அதுவே தகும். பேடிங்டனிலிருந்து புறப்படும் ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் வேறு ரயில், அதன் விலையும் வேறு. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஹீத்ரோவிலும் தட்டி வெளியேற மறவாதீர்கள்.

வடகிளை எழுதியது:

எந்த முனையம் என்பதைச் சொல்லவில்லையே. எலிசபெத் ரயில்கள் 2, 3ஆம் முனையங்களுக்கான நிலையத்தைத் தாண்டியதும் பிரிகின்றன: சில 4ஆம் முனையத்துக்கு, சில 5ஆம் முனையத்துக்கு. விமானப் பயணச்சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, மின்பலகையில் அந்த எண்ணைத் தேடி ஏறுங்கள்.

புதுவரவு எழுதியது:

பார்த்துவிட்டேன், 4ஆம் முனையம். ஆர்ச்வே மறுபடியும் நேராது.