புதுப்பிப்பு: டர்பன் உஷாகா, டிசம்பர் கூட்டம்

டிசம்பர் விடுமுறையில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நீர்ச்சறுக்குகளும் மீன்காட்சியகமும் உள்ள உஷாகா மரைன் வேர்ல்ட் பூங்காவை வரிசையில் வாடாமல் சுற்ற முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் தந்தவர்களுக்கு நன்றி.

கைகொடுத்தது “சறுக்கு முதலில், மீன் பிறகு” என்ற யோசனைதான். கதவு திறந்ததும் வெட் அண்ட் வைல்ட் என்ற நீர்ச்சறுக்குப் பகுதி. 11 மணிவாக்கில் வரிசை நீண்டதும், உடைந்த கப்பல் வடிவில் கட்டிய மீன்காட்சியகம். உச்சி வெயிலுக்கு அதுவே நிழல். இரண்டுக்கும் தனித்தனிச் சீட்டும் உண்டு, சேர்த்தும் எடுக்கலாம், சேர்த்தால் மலிவு. சறுக்குகளில் உயர வரம்பு இருப்பதால், சிறுபிள்ளைகளுக்குச் சீட்டு எடுக்குமுன் அளந்துவிடுங்கள்.

எதிர்பாராதது: இருவர் சேர்ந்து சறுக்கும் இரட்டை டியூப் வரிசை ஊர்ந்தது, ஒற்றை டியூப் விறுவிறு. தரையோ தோசைக்கல்! ரப்பர் செருப்பு அவசியம்.

பூங்காவின் கடைத்தெருவுக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. டிசம்பர் 26, ஜனவரி 1 மட்டும் வேண்டவே வேண்டாம். கடற்கரைக் கூட்டத்தில் வண்டி நிறுத்தவே இடம் இராது.